தண்டு மைதானத்துக் கால்பந்து

இங்கிலாந்து தேசத்தில் கால்பந்தாட்டக் கழகங்கள் இரு வகைப்படும். லீக் என்று சொல்லப்படும் தொழில்முறை வரிசையில் இடம் பெற்றவை ஒரு வகை. அவ்வரிசைக்குப் புறத்தே, சிற்றூர்களிலும் ஆலைத் தெருக்களிலும், பகலில் வேலை பார்த்து மாலையில் பந்தாடும் மனிதர்களால் நடத்தப் பெறுபவை மற்றொரு வகை. 1871-ல் தொடங்கிய எப்.ஏ. கோப்பைப் பந்தயம் இவ்விரு வகையினரையும் ஒரே களத்தில் நிறுத்துகிறது. எனவே, பெயர் கேள்விப்படாத ஒரு சிற்றூர்க் கழகம் பெரிய கழகம் ஒன்றைத் தோற்கடித்து விட்டது என்ற செய்தியை அந்நாட்டார் பல தலைமுறைகளாக ஆவலுடன் எதிர்பார்த்திருக்கின்றனர். நம் நாட்டிலும் அத்தகைய சரித்திரம் ஒன்று உண்டு. அது நடந்த இடம் பெங்களூர். அதனை நடத்தியவர்களிற் பலர் தமிழ் பேசும் தெருக்களில் பிறந்தவர்கள்.

பெங்களூர் என்று இன்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் மாநகரம், 140 ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு ஊர்களாக இருந்தது. கோட்டையும் பேட்டையும் சேர்ந்த பழைய நகரம் மைசூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதற்குக் கிழக்கே, 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயரின் படை வந்து தங்கிய இடம் தண்டு எனப்பட்டது. படை வந்த இடத்துக்குப் படையை நம்பி வாழ்வோரும் வருவர் அன்றோ! சிப்பாய்கள், கொத்தர்கள், குதிரைக்காரர்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர், சிறு வணிகர் எனத் தமிழ் நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். அல்சூர் ஏரிக்கரையைச் சுற்றிலும், பின்னாளில் ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் என்று பெயர் பெற்ற குடியிருப்புகளிலும் தமிழ் ஓசை நிலைத்தது. உருதும் தெலுங்கும் அதனுடன் கலந்து ஒலித்தன. 1947-ல்தான் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திருப்பித் தரப்பட்டது. 1949-ல் இரண்டு நகரசபைகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன.

வெள்ளைச் சிப்பாய் ஓய்வு நேரத்தில் பந்தாடினான். மைதானத்தின் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தவர்கள் நம்மவருடைய பிள்ளைகள். வெளியே வந்த பந்தைத் திருப்பி உதைப்பதே அவர்களுக்கு முதற் பாடம். பூட்ஸ் வாங்க வசதி ஏது? கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தும், காய்ந்து இறுகிய செம்மண் தரையும், வெறுங்காலுமே அவர்களுடைய கருவிகள். ஆனால் இந்த வறுமையே ஒரு வித்தையையும் கற்றுக் கொடுத்தது. வெறுங்காலுக்குப் பந்தின் ஒவ்வோர் அசைவும் தெரியும். பூட்ஸ் அணிந்தவன் மோதி உதைக்கும் இடத்தில், வெறுங்காலன் பந்தைத் தொட்டு, நிறுத்தி, திருப்பி, இருவருக்கு நடுவே நழுவிச் செல்வான். உடல் வலிவில் பட்டாளத்தாருக்கு ஈடு கொடுக்க முடியாதவன் வேறு எவ்வாறு ஆட முடியும்? பெங்களூர் ஆட்டம் என்றால் நெருக்கமான குறும் பாஸ்களும் லாவகமான கால் வேலையுமே என்று பிற்காலத்தில் பெயர் பெற்றதன் மூலம் இதுதான் என்பது நமது கருத்து.

இத்தகைய ஆட்டக்காரர் தெருவுக்குத் தெரு கழகங்களை அமைத்துக் கொண்டனர். அவற்றுள் கீர்த்தி பெற்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் கழகம். கல்கத்தாவின் பெருங் கழகங்களுக்கு இருந்த செல்வமோ, ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கி வரும் ஜனக் கூட்டமோ, 1898 முதல் நடந்து வந்த கல்கத்தா லீகின் பிரசித்தியோ இதற்குக் கிடையா. தன் திறமையை நாடு அறியச் செய்ய வேண்டுமானால் வெளியூர்க் கோப்பைப் பந்தயத்துக்கு ரயில் ஏறிச் செல்வது ஒன்றே வழியாக இருந்தது.

அக் கோப்பை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை. 1891-ல் தொடங்கிய இப் பந்தயத்தை முதன்முதலில் வென்றது ஒஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட். அதன் பிறகு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவின் பெயரே கோப்பையில் பொறிக்கப் பெற்று வந்தது. 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய வரலாற்றை யாவரும் அறிவர். ஆயினும் பம்பாயில் கதவு திறக்கவில்லை. 1923-ல் அதே மோகன் பகான் இறுதி ஆட்டம் வரை சென்று டர்ஹாம் லைட் இன்பண்ட்ரியிடம் தோற்றது. இந்தியர் எவரும் தொடாத கோப்பை என்ற பெயர் மேலும் 14 ஆண்டுகள் நிலைத்திருந்தது.

1937-ல் அப் பெயர் மறைந்தது. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு கோஷ்டியினரும் இந்தியர்கள். ஒரு புறம் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் கல்கத்தா லீகை இடைவிடாமல் வென்று கொண்டிருந்த அக்கழகத்துக்கு அன்றைக்கு நாடெங்கும் இருந்த செல்வாக்கைச் சொல்லி முடியாது. மறு புறம் பெங்களூர் முஸ்லிம்ஸ். ஒரே ஒரு கோல் விழுந்தது. அதைப் போட்டது பெங்களூர்.

அடுத்த ஆண்டும் அவர்கள் இறுதிக்கு வந்தனர். இம்முறை எதிரில் நின்றது ஆர்கைல் அண்டு சதர்லண்டு ஹைலண்டர்ஸ் என்னும் ஸ்காத்லாந்துப் படைப்பிரிவு. முந்திய ஆண்டின் வெற்றி தற்செயல் என்று கருதியவர் இருந்திருப்பின், இவ்வெற்றி அவர்கள் வாயை அடைத்திருக்கும். இவ்விரண்டு ஆண்டுகளில் 1938-ஆம் ஆண்டே பெரிது என்று நாம் கருதுகிறோம். தண்டு மைதானத்தில் எந்தப் பட்டாளத்தாரைப் பார்த்து ஆட்டம் பயின்றார்களோ, அதே இனத்தாரை இறுதி ஆட்டத்தில் வென்று கோப்பையை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். 1940-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் பழி தீர்த்துக் கொண்டது. அன்றும் ஒரே கோல்தான் வித்தியாசம். நான்கே ஆண்டுகளில் மூன்று இறுதி ஆட்டங்கள்! இத்தனைக்கும் பொதுவான சரித்திர நூல்களில் இக்கழகத்துக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. 1911-ன் பதினொருவரைப் பற்றி நூல்கள் எழுதினர், திரைப்படமும் எடுத்தனர். 1937-ன் பதினொருவர் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் நிற்கின்றனர்.

யுத்தம் முடிந்தபின் பெங்களூரின் பொற்காலம் வந்தது. மாகாணங்களுக்கிடையே 1941-ல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையை 1946-47-ல் பெங்களூரிலேயே வங்காளத்தைத் தோற்கடித்து மைசூர் அணி வென்றது. சுதந்தர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குழு 1948-ல் லண்டனுக்குக் கப்பலேறிய போது, அதில் வரதராஜ், ராமன், தன்ராஜ், அகமது கான், பஷீர் ஆகிய பெங்களூர்க்காரர்கள் இருந்தனர். பெயர்களைச் சற்றே கவனியுங்கள். ஒரே மைதானங்களில் ஆடி வளர்ந்த இந்துக்களும் முஸ்லிம்களும், தேசம் பிளவுபட்ட மறு ஆண்டில், ஒரே சட்டை அணிந்து களம் இறங்கினர்.

ஜூலை 31-ஆம் தேதி அவர்கள் பிரான்சைச் சந்தித்த இடம் வெம்பிளி போன்ற பேரரங்கம் அன்று. லண்டனின் கிழக்கே இல்போர்டு என்னும் ஊர். தொழில்முறை லீகில் சேராத ஓர் அமெச்சூர்க் கழகத்தால் மட்டுமே பந்தாட்ட உலகில் பெயர் தெரிந்த ஊர் அது. இல்போர்டுக் கழகம் 1929-லும் 1930-லும் இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பையை வென்றது. சிறு கழகங்களின் பிள்ளைகள், சிறு கழகத்தின் ஊரிலே தம் நாட்டுக்காக ஆடினர் என்பது தற்செயலான பொருத்தமே. எனினும் நமக்கு இது பிடித்திருக்கிறது.

முதற் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தும் இரண்டும் வீணாயின. 70-ஆம் நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. நம்மவரிற் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடுவதைக் கண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் அதிசயித்தன. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்ஸ் மற்றொரு கோல் போட்டு 2-1 என்று தப்பித்தது. தோல்விதான். ஆனால் அல்சூர்ப் பகுதிப் பெரியவர்கள் ராமனைப் பற்றிப் பேசும்போது ஆட்டத்தின் முடிவைச் சொல்ல மறந்து விடுவார்கள் என்பதை நாமே கேட்டிருக்கிறோம்.

அதே 1948-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் மூன்றாம் முறையாக ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தோற்றது மோகன் பகான். ஒரு கோல் வித்தியாசம். ஏறிய ஏணியின் உச்சிப் படி அது. அதற்கு மேல் படி இல்லை.

ஏன் இல்லை? 1949-ல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற கழகம் எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அது கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். அவ்வாண்டு லீக், கேடயம், ரோவர்ஸ் மூன்றையும் அக்கழகம் ஒருங்கே வென்றது. அதன் முன்னணியில் ஆடிய ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்று கல்கத்தா கொண்டாடியது. வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அந்த ஐவரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள். தன்ராஜும் அகமது கானும் பெங்களூர்க்காரர்கள். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக் கொண்டு எதிரிகளை ஏமாற்றும் அகமது கானைப் பாம்பாட்டி என்றே அழைத்தனர். 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா தோற்ற ஆட்டத்தில் அந்த ஒற்றைக் கோலைப் போட்டவரும் அவரே. பத்தாண்டு காலம் கல்கத்தாவின் கண்மணியாக இருந்த அவர் 2017-ல் பெங்களூரில் காலமானார்.

ஆட்டக்காரரைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஏட்டளவில் அனைவரும் அமெச்சூர்களே எனினும், கல்கத்தாவுக்குப் போனால் தங்க இடமும், கையில் பணமும், நல்ல உத்தியோகமும் கிடைக்கும். ஐம்பதாயிரம் கண்கள் பார்க்க ஆடலாம். தண்டில் என்ன கிடைக்கும்? மாலை ஆட்டத்துக்குப் பின் ஒரு குவளைத் தேநீர். ஆங்கிலச் சிறு கழகம் முன்னேறினால் மேல் லீகுக்குச் செல்ல வழியுண்டு, கழகமே ஏறும். நம் நாட்டில் அத்தகைய படிக்கட்டு கட்டப்படாமையால் கழகம் கீழேயே நின்றது, ஆட்டக்காரன் மட்டும் ஏறினான். இது நமது பந்தாட்ட அமைப்பில் இருந்த பெருங்குறை. இக்குறையின் விலையைப் பெங்களூரைப் போல வேறு எவ்வூரும் கொடுக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஊற்று மட்டும் வற்றவில்லை. 1952-53-ல் மைசூர் மறுபடியும் சந்தோஷ் கோப்பையை வென்றது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்ற போது பெங்களூர்க் கெம்பையா குழுவில் இருந்தார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம். 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற அணியில் உலகநாதன். இருவரும் தண்டுப் பகுதியின் தமிழ்ச் செல்வங்கள். இருவருக்கும் புகழ் தந்தது கல்கத்தாவின் மோகன் பகான்.

ஊரில் தங்கியவர்களுக்கு ஆலைகள் ஆதரவளித்தன. 1940-ல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும், 1948-ல் தோன்றிய டெலிபோன் தொழிற்சாலையும் பந்தாடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்தன. சம்பளமும் பென்ஷனும் உள்ள வேலைக்காகவே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிய தாய்மார் பலர். 1967-68, 1968-69 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மைசூர் சந்தோஷ் கோப்பையை வென்றதற்கு இந்த ஆதரவு ஒரு முக்கிய காரணம். பிறகு ஆலைகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. விளையாட்டு வீரருக்கான இடங்கள் அருகின. விமானத் தொழிற்சாலை அணி ஐ-லீகில் 2010 முதல் 2012 வரை ஆடி இறங்கியது.

அல்சூருக்கு அருகே கௌதமபுரம் என்று ஒரு பகுதி உண்டு. பட்டாளத்தின் காலத்தில் கன் ட்ரூப் என்று அழைக்கப்பட்ட ஏழை எளியோரின் குடியிருப்பு அது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோருக்குச் சிலை வைத்த மக்கள், நான்காவதாகப் பெலேக்கும் சிலை வைத்தனர். குறுகிய சந்துகளில் இன்றும் சிறுவர் பந்தாடுகின்றனர்.

2013-ல் பெங்களூர் எப்.சி. என்னும் புதிய கழகம் ஒரு பெரிய தொழில் நிறுவனத்தின் முதலீட்டில் பிறந்தது. முதல் ஆண்டிலேயே ஐ-லீகை வென்றது. 2016-ல் ஆசிய கால்பந்துச் சம்மேளனக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயரையும் பெற்றது. பாராட்டத்தக்க சாதனை. ஆனால் அது பிறந்த போதே மேல் படியில் பிறந்த கழகம். நாம் சொல்லி வந்த கதையுடன் அதைச் சேர்ப்பதற்கில்லை.

நாம் சொல்லி வந்த கதையின் கடைசி ஏடு வேறோர் இடத்தில் எழுதப்பட்டது. 2023 மார்ச் 4-ஆம் தேதி, சவுதி அரேபியாவின் ரியாத் நகரில், மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மாநிலத்துக்கு மைசூர் என்ற பெயர் இருந்த காலத்தில் அதைக் கடைசியாக வென்றிருந்தனர். இடையே சென்றவை 54 ஆண்டுகள்.