'டான் குயிக்ஸோட்'டுக்கு முன் செர்வாண்டிஸ்

ஸ்பானிய ஆசிரியர் செர்வாண்டிஸை நாம் 'டான் குயிக்ஸோட்' ஒன்றால் மட்டுமே அறிவோம். 1605-ல் அதன் முதற்பாகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 57. அதற்கு முன்?

1547-ல் பிறந்த அவர், 1571-ல் லெப்பாண்டோ கடற்போரில் குண்டடிபட்டு இடக்கையின் பயனை இழந்தார். 1575-ல் தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்து அல்ஜியர்ஸில் அடிமையாக்கினர். அவரிடமிருந்த சிபாரிசுக் கடிதங்களைக் கண்டு, பெரிய மனிதர் என்றெண்ணி மீட்புத் தொகையை உயர்த்திவிட்டனர், நல்ல சிபாரிசு! நான்கு முறை தப்ப முயன்று தோற்றார். 1580-ல் துறவியர் 500 பொன் கொடுத்து அவரை மீட்டனர்.

இத்துன்பத்தையே பின்னர் அவர் நாடகமாக்கினார். அந்த அல்ஜியர்ஸ் நாடகத்தில் சாவேத்ரா என்றொரு கைதி வருகிறான். அப்பெயரையே ஆசிரியர் பிற்காலத்தில் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார். மேடையமைப்பில் குறையுண்டு, ஆயினும் அடிமைச் சந்தைக் காட்சியில் நம் நெஞ்சு பதைக்கிறது.

1585-ல் அச்சேறிய முதல் நூலான 'லா கலாத்தியா'வோ இடையர் காதற்கதை. அதில் ஆயர்கள் அரசவைப் புலவர்போல் பேசுகின்றனர். ஆட்டின் வாடையே இல்லை. ஆசிரியரும் இதனை அறிந்திருந்தார் போலும். 'டான் குயிக்ஸோட்'டில் நூல்களைச் சோதிக்கும் பாதிரியார், இந்நூல் எதையோ தொடங்கி எதையும் முடிக்கவில்லை என்கிறார்; இரண்டாம் பாகம் வரட்டும் என்று எரிக்காமல் வைக்கிறார். 1616-ல் இறக்கும் தறுவாயிலும் அதனைத் தருவதாகவே செர்வாண்டிஸ் எழுதினார். அது வெளிவரவே இல்லை.