படியளப்பவன்

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு ரெனிஸ். எண்பதுகளில் இலண்டனுக்கு வந்து சேர்ந்த எங்களில் பலருக்கோ அது எஃப்ரா வீதியில் கைக்கு வந்த ஒரு கடதாசித் தட்டு. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வரிசையில் நின்றால் அந்தத் தட்டில் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் விழும். இரவெல்லாம் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு, ஓர் அறையை ஐந்து பேர் பங்கிட்டுப் படுத்துக்கொண்ட காலம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் எப்போது வரும், வந்தால் என்ன சொல்லும் என்பது எவருக்கும் தெரியாது. பக்கத்தில் தட்டோடு நின்ற ஆச்சி ஒருவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “யோசியாதையுங்கோ தம்பிமார். படியளக்கிறவன் அளப்பான்.”

அந்த வார்த்தையை அன்று ஆறுதலாக மட்டுமே கேட்டோம். அதற்குள் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வயதும் தூரமும் தேவைப்பட்டன. அந்தச் சரித்திரத்தின் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்க்கிறோம்.

ஊரில் நாம் அரிசியை அளந்தது கொத்தாலும் சுண்டாலும். கடவுளின் கையில் மட்டும் எப்போதும் படி இருந்தது. விளைச்சல் பொய்த்தாலும், கடலுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினாலும் எமது பெரியவர்களின் வாயில் முதலில் வந்த சொல் ‘அவன் படியளப்பான்’ என்பதுதான். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்ற பழமொழியும் அதே நம்பிக்கையின் பிள்ளை. எமது கிறிஸ்தவ அயலவர்கள் அன்றன்றைய அப்பத்துக்காக மன்றாடியதும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதொன்றல்ல.

விம்பிள்டன் கணபதி கோயில் 1981 இல் தொடங்கியது. முன்னர் கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் பயன்பட்ட கட்டடத்தில் பிள்ளையார் வந்து அமர்ந்தார். அதே ஆண்டு, மே முடிந்து ஜூன் பிறக்கும் இரவில், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இரண்டு ஆண்டுகள் கழித்து 1983 ஜூலை வந்தது. கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு தப்பியவர்கள் இலண்டனுக்கு வந்தபோது, போய் நிற்பதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. “எங்களுக்காகத்தான் பிள்ளையார் ரெண்டு வருஷம் முந்தி வந்து இருந்தவர்” என்பார் அந்த ஆச்சி. சரித்திரக்காரர் இதை வேறுவிதமாகச் சொல்வர். அகதிகளாக நாம் வரும் முன்பே, படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வந்திருந்த ஈழத்தமிழர்கள், தம் பிள்ளைகளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று எண்ணி இட்ட அத்திவாரம் அது. இந்த இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பது நாம் காலப்போக்கில் கண்டுகொண்டது.

*

பஞ்ச காலத்தில் கடவுள் படியளந்த கதைகளில் சைவர்கள் மறக்கமுடியாதது திருவீழிமிழலைக் கதை. 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதனை விரிவாகச் சொல்கிறார். 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பரும் சம்பந்தரும் அவ்வூரில் தங்கியிருந்த நாளில் மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. அடியார்கள் பசியால் வாடுகிறார்கள். இறைவன் கனவில் தோன்றி, இருவருக்கும் நாளொன்றுக்கு ஒவ்வொரு பொற்காசு தருவதாகச் சொல்கிறார். கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் காசு கிடக்கிறது. அதை எடுத்துக் கடையில் மாற்றி, அரிசியும் பருப்பும் வாங்கி, இரண்டு மடங்களிலும் அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள்.

கதை இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஓர் அற்புதம் மட்டுமே. அப்பரின் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு நடக்கிறது. சம்பந்தரின் மடத்தில் ஒவ்வொரு நாளும் தாமதம். ஏனென்று விசாரித்தபோது சமையற்காரர் காரணம் சொல்கிறார். சம்பந்தர் பெறும் காசுக்குக் கடைக்காரர் வாசி, அதாவது வட்டம், கழிக்கிறார்கள். அப்பரின் காசு முழுப் பெறுமதிக்கும் செல்கிறது. கோயில் முற்றத்தில் புல்செதுக்கிக் கைத்தொண்டு செய்பவர் அப்பர். அதனாலேயே அவர் காசுக்கு வாசியில்லை என்று சம்பந்தர் உணர்கிறார். பின்னர் அவர் பாடி வேண்டித் தன் காசின் வாசியையும் நீக்கிக்கொள்கிறார்.

அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் பஞ்சத்தைப் பற்றிய இந்தக் கதையில் எமது முன்னோர் இரண்டு விஷயங்களைக் கவனமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலாவது, கடவுள் கொடுத்த காசு அடியார் மடியில் தங்கவில்லை. அன்றன்றே அடுப்புக்குப் போயிற்று. இரண்டாவது, கை வேலை செய்தவனின் காசுக்கே முழுப் பெறுமதி. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு அண்மைக் காலத்துக்கு வருவோம்.

*

1877 ஜூலை 9 ஆம் நாள் விம்பிள்டனில் முதலாவது ரெனிஸ் சுற்றுப்போட்டி ஆரம்பமாயிற்று. இன்றுள்ள மைதானத்தில் அல்ல. வேர்ப்பிள் வீதியில் இருந்த பழைய மைதானத்தில். 22 பேர் விளையாடினார்கள். இறுதி ஆட்டத்தைச் சுமார் 200 பேர் ஆளுக்கு ஒரு சிலிங் கொடுத்துப் பார்த்தார்கள்.

அதே ஆண்டில் அதே முடியின்கீழ் இருந்த சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைத்தலங்களில் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று விதித்தார் சேர் ரிச்சர்ட் ரெம்பிள். அரசாங்கமும் அன்று ஒருவகையில் படியளந்தது. அது அளந்த படி அவ்வளவு.

பஞ்சமும் கூடவே கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தையும் தொட்டன. அப்போது ஆறுமுக நாவலர் பணமும் அரிசியும் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அச்சுக்கும் கல்விக்கும் பிரசங்கத்துக்கும் வாழ்நாளைக் கொடுத்தவர், தம் இறுதி ஆண்டுகளில் கஞ்சிப்பானையோடு நிற்க வேண்டியிருந்தது. 1879 இல் அவர் மறைந்தார்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர், 1867 மே மாதத்தில், வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் பேணப்படுகிறது. நாவலரும் அடிகளும் அருட்பா விவகாரத்தில் எதிரெதிரே நின்றவர்கள் என்பதும், 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை அச்சண்டை போனதும் வாசகர் அறிந்தவையே. எது அருட்பா என்பதில் அவர்கள் கடைசிவரை உடன்படவில்லை. பசித்தவன் முன் என்ன செய்வது என்பதில் இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள். எமது பக்தி இலக்கியச் சண்டைகளையெல்லாம் படித்து முடித்தபின் எஞ்சுவது அந்த இரண்டு அடுப்புக்கள்தான் என்று சில வேளைகளில் எமக்குத் தோன்றும்.

*

இனி எமது காலம். 1987 இல் பிரித்தானிய உள்நாட்டு அமைச்சு, ‘ஏர்ள் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஹார்விச் துறைமுகத்தில் கட்டிவைத்து, அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவர்களை அதில் அடைத்து வைத்தது. அவர்களிற் பலர் தமிழ் இளைஞர்கள். அக்டோபர் 15 ஆம் நாள் இரவு தொடங்கி 16 விடியும்வரை இங்கிலாந்தின் தென்பகுதியைப் பெரும்புயல் அடித்தது. கப்பலின் கட்டுக்கள் அறுந்து, அது இழுபட்டுப் போய் மணற்றிட்டில் தட்டி நின்றது. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அதன்பின் அவர்கள் தற்காலிக அனுமதியில் வெளியே விடப்பட்டார்கள்.

விம்பிள்டன் கோயிலில் அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்களுக்குள் பெரிய மகிழ்ச்சி. வாயுபகவான் வந்து சிறையை உடைத்தார் என்று ஒருவர் சொல்ல, தேங்காயும் உடைத்தோம். ஆனால் அதே புயல் பிரித்தானியாவில் 18 பேரைக் கொன்றிருந்தது. எங்கள் பையன்களுக்குக் கதவு திறந்த காற்று வேறொரு வீட்டின் மேல் மரத்தைத் தள்ளியிருந்தது. தேங்காய் உடைத்த நேரத்தில் நாம் அவர்களை நினைக்கவில்லை.

எட்டு ஆண்டுகளின் பின் அந்தக் கணக்கு எங்கள் பக்கம் திரும்பியது. 1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. விம்பிள்டனில் ஆண்கள் இறுதி ஆட்டம். சாம்ப்ராஸ் பெக்கரை வென்ற நாள். வீதியெங்கும் சனம். அதே நாளில் வலிகாமத்தில் ‘முன்னேறிப் பாய்தல்’ இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஓடிவந்த மக்கள் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கே விமானக் குண்டு விழுந்தது. 100 க்கு மேற்பட்டோர் இறந்தனர். கடவுளின் வீடு காக்கும் என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். அவர்களின் நம்பிக்கையில் என்ன குறை இருந்தது?

அன்றிரவு கோயிலில் கூடியவர்களில் நவாலியில் உறவுள்ளவர்களும் இருந்தார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று அறிய வழியில்லை. படியளப்பவன் என்ற சொல்லை அன்று எவரும் வாயெடுக்கவில்லை. அந்த ஆச்சியும் பேசாமல் உள்ளே போய், சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். நாங்களும் போய்ப் பக்கத்தில் இருந்து உரித்தோம். அன்றைய கண்ணீருக்கு வெங்காயம் ஒரு சாட்டாயிற்று.

காக்கப்பட்டவனைக் காட்டிக் கடவுளை நிரூபிப்பதும், கைவிடப்பட்டவனைக் காட்டிக் கடவுளை மறுப்பதும் ஒரே விதமான கணக்குப்புத்தகம் என்பது அன்று எங்களுக்குப் புரியத் தொடங்கிற்று. தப்பியவன் ‘கடவுள் தந்தார்’ என்று சொல்லலாம், அது நன்றி. ஆனால் தப்பாதவனைப் பார்த்து ‘அவருக்குத் தரவில்லை’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து தென்மராட்சியை அடைந்தார்கள். பாடசாலைகள், கோயில் மண்டபங்கள், தேவாலயங்கள், தெரியாத மனிதரின் விறாந்தைகள் எல்லாம் வீடுகளாயின. அந்த இரவுகளில் தென்மராட்சியார் கிணற்றைத் திறந்துவிட்டதும், இருந்த அரிசியைக் கஞ்சியாக்கியதும் பின்னர் வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. இழந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, யார் கஞ்சி தந்தது என்பதை ஒரு பக்கம் எழுதினார்கள்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்புமே கஞ்சி. அதை வாங்க வரிசையில் நின்றவர்கள் மேல் எறிகணை விழுந்தது. காய்ச்சிக் கொடுத்தவர்களும் பசித்தவர்களே. இன்று ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சி நினைவாகக் காய்ச்சப்படுகிறது; இலண்டனிலும் காய்ச்சுகிறோம். 2024 மே மாதத்தில் சம்பூரில் அதைக் காய்ச்சி வழங்கியதற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒரு பானைக் கஞ்சிக்குள் எவ்வளவு சாட்சியம் இருக்கிறதென்று அதிகாரத்துக்கும் தெரிந்திருக்கிறது.

*

இந்தச் சரித்திரத்தை நாம் புனிதப்படுத்திவிடவும் கூடாது. எமது ஊரில் கடவுளின் படி எல்லோருக்கும் ஒரேயளவாக அளக்கப்படவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போகக் கேட்டவர்கள் தடுக்கப்பட்டார்கள். தடுத்தவர்களும் தமிழர், சைவர். கஞ்சித்தொட்டி நடத்திய நாவலரும் சாதி ஒழுங்கை ஆதரித்து எழுதியவரே. எஃப்ரா வீதி வரிசையில் முன்னால் நிற்பவர் எந்த ஊர், எந்தப் பகுதி என்று கேட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள். ஆனால் தட்டு ஒன்று, கரண்டி ஒன்று, பசி ஒன்று. ஊரில் நாம் திறக்காத வாசலை அகதி வாழ்வு கொஞ்சமாவது திறந்தது. இதையும் படியளப்பு என்று சொல்வதானால், பெற்றுக்கொண்ட நாம் வெட்கத்தோடுதான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இன்று எங்களிற் பலருக்கு வீடு உண்டு, பிள்ளைகளுக்குப் பட்டம் உண்டு. ஊர்க்கோயில் திருவிழாவுக்கும், போரில் காலிழந்தவருக்கும், படிக்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகக் காசு போகிறது. நல்ல காரியந்தான். ஆயினும் திருவீழிமிழலைக் கதை மனதை உறுத்துகிறது. தூரத்திலிருந்து அனுப்பும் காசுக்குச் சிறிது வாசி உண்டு போலும். அந்தக் காசு எந்த அடுப்புக்குப் போகிறது, யாருடைய கை அதைக் கிண்டுகிறது என்று நாம் கேட்பதில்லை.

ஆச்சி இப்போது இல்லை. அவர் நின்ற இடத்தில் வெள்ளிக்கிழமைகளில் இங்கே பிறந்த பிள்ளைகள் நின்று பரிமாறுகிறார்கள். வரிசையில் தமிழ்நாட்டு மாணவர்களும், புதிதாக வந்து கடிதத்துக்குக் காத்திருப்பவர்களும் நிற்கிறார்கள். அவர்களின் முகங்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். போன வெள்ளி, ஒரு பையன் தட்டை வாங்கிவிட்டு எங்கே இருப்பதென்று தெரியாமல் நின்றான். நாம் நகர்ந்து இடம் விட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் அவனாகவே எழும்பிப் போய், பாத்திரம் கழுவுபவர்களோடு நின்றுகொண்டான்.