ஆயாக் கொட்டகை

பொழுது விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார் தம் குழந்தைகளை எங்கே விட்டனர்? ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்தோர் விடையை அறிவர்: ஆயாக் கொட்டகையில். அங்கே ஏணை கட்டி, முதிய மாதொருத்தி காவலிருந்தாள். அவளுக்குரிய கூலியைத் தோட்ட நிருவாகம் தந்தது.

இம்முறை நமக்கே உரியதன்று. வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காகப் பாரிஸ் நகரில் மார்போ என்பார் 1844இல் காப்பகம் கண்டார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம்மவர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய் இன்று கட்டணம் செலுத்துகிறாள். 1984ஆம் ஆண்டின் சட்டப்படி, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயது நிரம்பாத குழந்தைகள் நால்வரேனும் கட்டணத்துக்குப் பேணப்படும் இடம் பதிவு பெற வேண்டும். ஒரு வயது நிரம்பாதோர் மூவருக்கு ஒரு பணியாளர் தேவை. மூன்று வயதைக் கடந்தோராயின் பதின்மருக்கு ஒருவர் போதும். இரு சாராரையும் சேர்த்தே சம்பளம், வாடகை, உணவு யாவற்றையும் சரிக்கட்ட வேண்டும். கணக்கு இடிக்கும்போது பதிவைத் தவிர்க்க எண்ணுவோர் உண்டு. அதனால் வரும் தீங்கு குழந்தைக்கே.

ஆயாவின் திறமையைத் தோட்டம் ஒரு தொழிலாக மதித்ததில்லை. நம் பெண்கள் பயிற்சியும் பதிவும் பெற்று நடத்துவாராயின், அப்பழைய அறிவு மதிப்புள்ள தொழிலாகும்.