பீரங்கி ஓய்ந்த பின்

பகலிலே பதக்கம் தாங்கிய மார்பு. இரவிலே பதறித் துடிக்கும் நெஞ்சு! விழி திறந்தால் வீடு; விழி மூடினால் போர்க்களம்! உறக்கத்துக்கு அஞ்சி, விடியும்வரை விழித்துக் கிடந்த வீரர்களை, முதல் உலகப் போரின் வெற்றி விழாப் படங்களிலே நாம் காண்பதில்லை.

1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரிலே இந்நோய் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். வெடியின் அதிர்வு மூளையைத் தாக்கியதோ என்று முதலில் ஐயுற்றனர். குண்டு அருகே விழாதவரையும் நோய் பற்றியது. காயம் மனத்திலே என்பது மெல்லப் புலனாயிற்று. படைத் தலைமையோ அதைக் கோழைத்தனம் என்றது! இந்நோய்க்காக மாதக் கணக்கில் மருத்துவமனையிலிருந்த ஹாரி ஃபார் என்ற சிப்பாய், மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டார். முன்னேற இயலாது நின்றார். 1916 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரையும் சேர்த்து 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல்! நீதி நடந்து வர 90 ஆண்டுகள்!

நோய் தகுதி பார்க்கவில்லை; வைத்தியம் பார்த்தது. பேச்சிழந்த சாதாரணச் சிப்பாயை, லண்டனிலே லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர் அறையிலே பூட்டி, தொண்டையிலே மின்சாரம் பாய்ச்சினார். அதிகாரிகளுக்கோ எடின்பரோவில் கிரெய்க்லாக்கார்ட் மாளிகை!

அம்மாளிகை மருத்துவருள் ஒருவர் ரிவர்ஸ். நம் நீலகிரியிலே தோடர்களிடையே ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட அதே ரிவர்ஸ்தான். "மறந்துவிடு, வேறெதையாவது எண்ணு" என்பதே அந்நாளைய அறிவுரை. அவர் அதை மறுத்தார். பகலெல்லாம் அடக்கி வைத்த நினைவே இரவிலே பாய்கிறது என்றார். நினைவை நேர்நின்று நோக்கச் செய்தார்.

ஓர் அதிகாரி, குண்டிலே சிதைந்த தன் நண்பனின் உடலை இரவுதோறும் கனவிலே கண்டு அலறினார். உடல் அவ்வாறு சிதைந்ததே, நண்பன் வேதனையின்றி நொடியில் மாண்டான் என்பதற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக் காட்டினார். பின்னர் வந்த கனவிலே அச்சமில்லை. நண்பனருகே மண்டியிட்டு, உறவினருக்கென அவன் உடைமைகளைக் கழற்றுகையில் விழித்து, அமைதியாக அழுதார் அந்த அதிகாரி. திகில் துயரமாக மாறியது. துயரம் தாங்கக் கூடியதல்லவா!

ஆறுதலுக்கு இடமே தராத நினைவுகளும் உண்டு. அங்கே தம் முறை பயன்படவில்லை என்பதை ரிவர்ஸ் மறைக்கவில்லை. 1917 டிசம்பரில் மருத்துவர் அவையிலே இரண்டையும் எடுத்துரைத்தார். மற்றொரு முள்ளும் அவரை உறுத்திற்று: குணமானவன் திரும்ப வேண்டிய இடம் மீண்டும் போர்க்களமே!

வியட்நாம் போருக்குப் பின், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் பட்டியலிலே ஏற்றது. இன்று, பகலிலே கனவை எழுதி, அதன் போக்கை நோயாளியே மாற்றி, நாள்தோறும் மனத்திலே ஒத்திகை பார்க்கும் பயிற்சி உண்டு. உறக்கமின்மைக்கும் முறை உண்டு: துயில் வராவிடில் படுக்கையை விட்டு எழுவது; படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது; எழும் வேளையை மாற்றாதிருப்பது. இத்தகைய பயிற்சியே மாத்திரைக்கு முந்தியது என 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. எல்லோருக்கும் இவை பலிப்பதில்லை, பலருக்குப் பலிக்கின்றன.

மின்சாரமும் துப்பாக்கியும் தராத உறக்கத்தை, செவி கொடுத்த ஒரு மனிதர் சிலருக்கேனும் தந்தார். நள்ளிரவிலே அலறி எழுபவர் கோழையுமல்லர், சாபம் பெற்றவருமல்லர், காயம் பட்டவர். அவரை ஏசும் நாவை அடக்குவோம். கேட்கும் செவியைக் கொடுப்போம்!