புனித சவேரியார் திருநாள்

கத்தோலிக்கர் ஆண்டுதோறும் டிசம்பர் 3-இல் கொண்டாடும் விழா. பிரான்சிஸ் சவேரியார் 1552-இல் சீனக் கரையை ஒட்டிய சாங்சுவான் தீவில் உயிர்நீத்த நாள் இது. புனிதர் மறைந்த நாளை அவர் விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கொள்வது திருச்சபையின் பழைய வழக்கம். 1622-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள தெப்ராவ் வட்டாரம் 1972-இல் உருவான மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டத்தில் அடங்கியது. இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கருக்குச் சவேரியார் இரு வழியில் சொந்தக்காரர். தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் 1542 முதல் பரதவர் ஊர்களுக்கு நடந்து சென்று, மணியடித்துச் சிறுவரைத் திரட்டித் தமிழில் செபம் கற்பித்தவர் அவர். அவரே 1545-இல் மலாக்காவில் வந்து இறங்கினார். அவருடைய உடல் 1553 மார்ச்சில் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று புனித பவுல் குன்று எனப்படும் மேட்டின் ஆலயத்தில் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்தது. பிறகே கோவா சென்றது. இடிந்த அந்த ஆலயத்தில் வெறுமையான கல்லறைக் குழியை இப்போதும் காணலாம்.

திருநாளின் முழு அழகு நாகர்கோவில் கோட்டாறு பேராலயத்தில்தான். கொடியேற்றத்துடன் தொடங்கும் விழா பத்து நாள் நீளும். மாலைதோறும் செபமாலை, மறையுரை, நற்கருணை ஆசீர். கடைசி நாள்களில் சவேரியார் தேரும் மாதா தேரும் பிற தேர்களும் வீதிவலம் வரும். நேர்ச்சை செய்தவர்கள் உப்பும் மிளகும் காணிக்கை இடுவார்கள். தேரின் பின்னே தரையில் விழுந்து வணங்கி எழுந்து, மறுபடி விழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்வார்கள். இந்துக்களும் திரளாக வருவதுண்டு. டிசம்பர் 3 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. ஊர்க்கோயில் தேரோட்டத்தின் சாயல் இதில் படிந்திருப்பது வெளிப்படை. ஒரு நம்பிக்கை மண்ணில் வேர்பிடித்ததற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மலாக்காவிலும் இதே போக்கைக் காணலாம். அங்கே உஜோங் பாசிரில் போர்த்துகீசிய வழிவந்த கிரிஸ்டாங் மக்கள் ஜூன் 29-ஐ ஒட்டிப் புனித பேதுரு விழா எடுக்கிறார்கள். மீனவரின் அலங்கரித்த படகுகளைக் குரு ஆசீர்வதிப்பது அதன் உச்சம். கோட்டாற்றில் தேர், இங்கே படகு: பிழைப்பும் பழக்கமும் எதுவோ அதையே மக்கள் புனிதர் முன் நிறுத்துகிறார்கள். தெப்ராவ் தமிழர் சவேரியார் திருநாளில் மலாக்காவின் புனித பவுல் குன்றுக்கு ஒரு பயணத்தையும் சேர்த்துக்கொண்டால் மிகப் பொருத்தமாக இருக்கும்.

நாள்காட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. டிசம்பர் 3 ஞாயிறாக அமையும் ஆண்டில், 2023-இல் போல, திருவருகைக் காலத்து ஞாயிறு வழிபாடே முதலிடம் பெறும். அந்த 2023 ஞாயிறு ஜொகூரில் வேலைநாளும்கூட; ஏனெனில் அங்கே 2014 தொடக்கத்திலிருந்து 2024 முடியும்வரை வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். 2025 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் மீண்டும் விடுமுறையாகிவிட்டன.