கருவைக் காக்கும் சூலகம்: எலி ஆய்வு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

கல்முனை, சம்மாந்துறை வயல்வெளிகளில் எலி விளைச்சலின் பகை. அதன் பெருக்கம் நம் விவசாயிக்குக் கவலை, உடற்றொழிலியலாருக்கோ பெருவாய்ப்பு. நான்கைந்து நாளுக்கொரு சூலகச் சக்கரம், ஏறத்தாழ மூன்று வாரக் கர்ப்பகாலம். ஆய்வுகூடத்து வெள்ளை எலியைக் கொண்டு எழுந்த ஒரு வினாவின் வரலாற்றையே ஈண்டு நோக்குகிறோம்: கருவுற்ற முதல் நாட்களில் சூலகத்தை இயக்குவது எது?

சூல் வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் தோன்றுகிறது. முயலில் அதனை அழித்தால் கரு நிலைப்பதில்லை என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் பிரேங்கெல் காட்டினார். அது சுரக்கும் புரோசெத்திரோன் 1934இல் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. மஞ்சட்சடலத்தை ஏவுவது எது என்ற கேள்வி அப்போதும் எஞ்சியிருந்தது. 1933இல் பென்கார்ஸ், லோங் ஆகியோர் கர்ப்பிணி எலிகளின் கபச்சுரப்பியை அகற்றிப் பார்த்தனர். கர்ப்பத்தின் முற்பாதியில் அகற்றினால் கரு அழிந்தது. பிற்பாதியில் அகற்றினால் தொடர்ந்தது. கபச்சுரப்பியின் பணியைச் சூல்வித்தகம் ஏற்றுக்கொள்வதே காரணம். முற்பாதியில் மஞ்சட்சடலத்தைக் காப்பது கபச்சுரப்பியின் புரோலற்றின் என்ற கருத்து 1940களில் வேரூன்றியது.

ஆயினும் கத்தி தெரிந்தெடுத்து வெட்டுவதில்லை. சுரப்பியை அகற்றினால் அதன் ஓமோன்கள் யாவும் ஒருங்கே போய்விடுகின்றன. எதன் இழப்பால் கரு அழிந்தது என்று எங்ஙனம் துணிவது? இவ்விடத்திலேதான் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து உயிர் இரசாயனவியலாளர் என். ஆர். மௌத்கலின் பணி சிறப்புறுகிறது. அவர் கையாண்டது கத்தியன்று, பிறபொருளெதிரி. செம்மறியாட்டின் இலூட்டினாக்கும் ஓமோனுக்கு எதிராக முயலில் உண்டாக்கிய நீர்ப்பாயத்தை எலிக்குச் செலுத்தினால், கபச்சுரப்பி இருந்தபடியே இருக்க, அந்த ஓர் ஓமோன் மட்டும் செயலிழக்கும். எச். ஜி. மாத்வ ராஜுடன் அவர் 1970இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. 8ஆம் நாளுக்கும் 11ஆம் நாளுக்கும் இடையில் நீர்ப்பாயம் பெற்ற எலிகளிற் கரு அழிந்தது. 12ஆம் நாளின்பின் பாதிப்பில்லை. புரோசெத்திரோனை வெளியிலிருந்து கொடுத்தபோதோ கரு தப்பியது. புரோலற்றின் இருந்தும், இலூட்டினாக்கும் ஓமோன் இன்றேல் அந்நாட்களில் மஞ்சட்சடலத்தால் தன் பணியை ஆற்ற இயலாது என்பது இதனாற் பெறப்பட்டது.

இதைப் புரோலற்றினின் தோல்வியாகக் கூறுவோர் உளர், அது மிகை. எலியில் இரண்டும் வேண்டும். கேள்வியைப் பிரித்துக் கேட்கும் கருவியைத் தந்ததே இவ்வாய்வின் பெருமை என்பது எமது கருத்து.

குடும்பக் கட்டுப்பாடு அரசின் இலக்காக இருந்த காலமாகையால், எலியின் விடையைப் பெண்ணுடலுக்குப் பொருத்தும் ஆவல் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் பெண்ணிற் கதை வேறு. கருவே சுரக்கும் ஓர் ஓமோன் மஞ்சட்சடலத்தைத் தாங்குகிறது; சில வாரங்களிற் சூல்வித்தகமே போதிய புரோசெத்திரோனை ஆக்கிக்கொள்கிறது. ஜி. பி. தல்வாரின் டெல்லிக் குழு 1970களிலிருந்து தடுப்பூசிக்குத் தேர்ந்த இலக்கும் அக்கருவின் ஓமோனே. பெண்களில் நடந்த பரிசோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. அக்காலத்திலேயே பெண்கள் நல அமைப்புகள் பல அத்தகைய தடுப்பூசிகளை எதிர்த்தன. பிறபொருளெதிரி என்ற கருவி எலியிலிருந்து பெண்ணுக்கு வந்தது உண்மையே. அது குறிவைத்த ஓமோனோ எலியிடம் இல்லாதது.