நாற்பதுக்குப் பிறகுதான் கதையே ஆரம்பம் - டியான் த புவாத்தியே

"நாற்பதில் நாய்க்குணம்" என்று நம்ம ஊரில் சுலபமாகச் சொல்லி விடுவார்கள். அதிலும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். நாற்பது தாண்டிய பெண் கொஞ்சம் பளிச்சென்று உடுத்தினால் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்பார்கள். காதல் என்ற வார்த்தையைப் பக்கத்தில் கூடக் கொண்டு வரக் கூடாது!

இந்தக் கேலி இன்று நேற்று வந்ததல்ல. கிட்டத்தட்ட 500 வருடங்களுக்கு முன்பு, பிரான்ஸ் நாட்டு அரண்மனையில் ஒரு பெண் இதே கேலியைக் கேட்டார். கேட்டுவிட்டு மூலையில் போய் உட்காரவில்லை. நாற்பதுகளில்தான் அந்த நாட்டிலேயே செல்வாக்கு மிக்க பெண்ணாக ஆனார். அவர் பெயர் டியான் த புவாத்தியே.

பதினைந்து வயதில் கல்யாணம்

டியான் பிறந்தது 1500-ஆம் ஆண்டு வாக்கில். 1515-இல், பதினைந்து வயதில், லூயி த பிரெசே என்ற பிரபுவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை மணப்பெண்ணை விடச் சுமார் நாற்பது வயது மூத்தவர்! நார்மண்டி பகுதியில் மன்னரின் பெரிய அதிகாரி. இந்த லூயியின் பாட்டி ஆக்னஸ் சோரல், ஏழாம் சார்ல்ஸ் மன்னரின் புகழ்பெற்ற ஆசைநாயகி. பிற்காலத்தில் டியான் போன பாதையும் அதுதான் என்பது சரித்திரத்தின் வேடிக்கை.

வயது வித்தியாசம் அவ்வளவு இருந்தும் டியான் உண்மையான மனைவியாகவே வாழ்ந்தார். இரண்டு பெண் குழந்தைகள். 1531-இல் லூயி இறந்தபோது டியானுக்கு 31 வயது. ருவான் நகர தேவாலயத்தில் கணவருக்குப் பெரிய கல்லறை எழுப்பினார்.

இங்கேதான் டியானின் இன்னொரு முகம் தெரிகிறது. கணவர் பதவியோடு வந்த வருமானங்கள் திரும்ப அரசுக்குப் போக வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அவர் அழுது கொண்டு உட்காரவில்லை. சட்டப்படி எதிர்த்து வாதாடினார். கணவரின் ஆனே பண்ணையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்தார்.

கறுப்பும் வெள்ளையும்

கணவர் போன பிறகு டியான் வண்ண உடைகளை விட்டுவிட்டார். கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். துக்கத்துக்கு உடுத்திய உடைதான், ஆனால் அதையே தன் அடையாளமாக மாற்றிக் கொண்டார். மற்ற சீமாட்டிகள் பட்டும் பளபளப்புமாக மயில் மாதிரி வலம் வந்த அரண்மனையில், கறுப்பு வெள்ளையில் ஒருவர் மட்டும் நின்றால் கண் எங்கே போகும்? இன்றைக்கு விளம்பரக்காரர்கள் 'பிராண்ட்' என்று சொல்வதை அன்றைக்கே செய்து காட்டிவிட்டார்.

பெயரிலும் ஒரு வசதி இருந்தது. டயானா என்பது ரோமானியர்களின் நிலவுத் தெய்வம், வேட்டைத் தெய்வம். எனவே பிறைநிலா அவருடைய சின்னமானது. அரண்மனைச் சுவர்களிலும் சிற்பங்களிலும் பிறை பிறையாக வரத் தொடங்கியது.

இளவரசன் வருகிறான்

இனி ஹென்றியின் கதை. முதலாம் பிரான்சிஸ் மன்னரின் இரண்டாவது மகன், 1519-இல் பிறந்தவர். ஸ்பெயினிடம் போரில் தோற்றுச் சிறைப்பட்ட தந்தையை விடுவிப்பதற்காக, ஏழு வயது கூட முடியாத ஹென்றியையும் அண்ணனையும் 1526-இல் பணயமாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். தாய் ஏற்கெனவே இறந்துவிட்டார். வழியனுப்ப வந்தவர்களில் டியான்தான் அந்தச் சின்னப் பையனின் நெற்றியில் முத்தமிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நான்கு வருடங்கள் கழித்துத் திரும்பிய ஹென்றி, யாரிடமும் ஒட்டாத, முகம் இறுகிய பையனாக இருந்தார். அரண்மனைப் பழக்க வழக்கங்களை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு டியானிடம் வந்தது.

1533-இல் ஹென்றிக்கு இத்தாலியின் கேதரின் த மெடிச்சியோடு கல்யாணம். இருவருக்கும் 14 வயது. ஆனால் மனசு போனது வேறு பக்கம். 1530-களின் பின்பாதியில், டியான் நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தபோது, இருவருக்கும் இடையே காதல் மலர்ந்தது. வயது வித்தியாசம் சுமார் 19 வருடங்கள். இதே வித்தியாசம் தலைகீழாக இருந்திருந்தால் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். டியானை விட நாற்பது வயது மூத்த கணவரைப் பற்றி யாராவது பேசினார்களா என்ன?

இங்கே பேசினார்கள். அப்போது மன்னர் பிரான்சிஸின் ஆசைநாயகியாக இருந்தவர் எத்தாம்ப் சீமாட்டி, டியானை விட எட்டு வயது இளையவர். அவருடைய ஆதரவாளர்கள் டியானின் வயதைச் சொல்லியே ஏளனம் செய்தார்கள். பல் போன கிழவி, பூச்சு பூசி மறைக்கிறாள் என்றெல்லாம் லத்தீனில் கவிதை எழுதி அச்சிட்ட கவிஞரும் உண்டு! அப்போது டியானுக்கு வயது முப்பத்தேழு வாக்கில்தான்.

விடியற்காலைக் குளியல்

இந்தக் கேலிக்கு டியான் கொடுத்த பதில் அவருடைய அன்றாட ஒழுங்கு. விடியும் முன் எழுந்துவிடுவார். குளிர்ந்த நீரில் குளியல், பனிக்காலமானாலும் அதேதான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் குளிப்பதே உடம்புக்கு ஆகாது என்று பலர் பயந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு குதிரைச் சவாரி, வேட்டை. திரும்பி வந்து ஓய்வு.

அன்றைய சீமாட்டிகள் முகத்தை வெள்ளையாக்க ஈயம் கலந்த பூச்சு பூசினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோலை அரிக்கும் விஷம் அது. டியான் அதைத் தொடவில்லை என்றுதான் குறிப்புகள் சொல்கின்றன. கிழவி என்று ஏளனம் செய்யப்பட்டவர், ஐம்பது வயதிலும் குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தேழில் உச்சம்

1547-இல் பிரான்சிஸ் இறந்தார். ஹென்றி இரண்டாம் ஹென்றியாக முடி சூட்டிக்கொண்டார். மன்னருக்கு 28, டியானுக்கு 47. எத்தாம்ப் சீமாட்டி அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடமே டியான் வாலென்டினுவா சீமாட்டி ஆனார். ஹென்றியின் H-உம் டியானின் D-உம் பின்னிய சின்னம் கட்டடங்களில் எல்லாம் ஏறியது. அதை H-உம் C-உம் என்றும் படிக்கலாம், அது ராணி கேதரினைக் குறிக்கிறது என்று சமாதானமும் சொல்லலாம். சாமர்த்தியமான சின்னம்!

பழைய ஆனே மாளிகையை பிலிபேர் த லோர்ம் என்ற பெரிய கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிதாகக் கட்டினார். மன்னர் பரிசாகக் கொடுத்த ஷெனோன்சோ மாளிகையில் தோட்டம் போட்டார். அதற்கு முன்னால் ஓடும் ஷேர் நதி மேல் பாலமும் கட்டினார்.

ஷெனோன்சோ விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது அரசுச் சொத்து. அரச பரம்பரைச் சொத்தை மன்னரே நினைத்தாலும் நிரந்தரமாகக் கொடுத்துவிட முடியாது, நாளை வேறு மன்னர் வந்தால் பிடுங்கிக் கொள்ளலாம். டியான் அதைப் புரிந்துகொண்டார். அந்த மாளிகை 1535-இல் போயே என்ற குடும்பத்திடமிருந்து கடனுக்காக அரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய ஏற்பாட்டையே சட்டப்படி ரத்து செய்ய வைத்தார். சொத்து பழைய குடும்பத்துக்கே திரும்பியது, கடனும் கூடவே திரும்பியது. கடனுக்காக மாளிகை ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவர் யார் தெரியுமா? டியானேதான்! 1555-இல் ஷெனோன்சோ பரிசுப் பொருள் என்ற நிலை மாறி, கிரயம் வாங்கிய சொத்தாக ஆனது.

இதையெல்லாம் வைத்து அவரைத் தேவதையாக்கி விடவும் முடியாது. மதத்துரோகம் என்று தண்டிக்கப்பட்ட புராட்டஸ்டன்டுகளிடமிருந்து பறிமுதலான சொத்துகளிலும் அவருக்குப் பங்கு போனது. இன்னொரு பக்கம், தினம் தினம் அவமானத்தை விழுங்கிக்கொண்டு ராணி கேதரின் இருந்தார். கல்யாணமாகிப் பத்து வருடங்கள் குழந்தையில்லாமல் அவர் தவித்தபோது, மனைவியிடம் போகும்படி ஹென்றியை வற்புறுத்தியவர் டியான். ராணி நோயில் விழுந்தபோது பணிவிடை செய்ததும் அரச குழந்தைகளின் வளர்ப்பைக் கவனித்ததும் டியான்தான். அன்பு பாதி, கணக்கு பாதி. மன்னர் வேறு இளம்பெண்ணைத் தேடிப் போவதை விட, ராணியோடு இருப்பது டியானுக்குப் பாதுகாப்பு இல்லையா!

ஒரே நாளில் எல்லாம்

1559 ஜூன் 30. பாரிசில் ஈட்டிப் போட்டி. டியானின் கறுப்பு வெள்ளை நிறங்களை அணிந்து மன்னர் களத்தில் இறங்கினார். எதிராளியின் உடைந்த ஈட்டித் துண்டு கண்ணுக்கு மேல் பாய்ந்தது. பத்து நாள் போராடி, ஜூலை 10 அன்று இறந்தார். அந்தப் பத்து நாளும் டியானை மன்னரின் அறைக்குள் கேதரின் அனுமதிக்கவில்லை. அரச நகைகளை டியான் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இருபது வருடச் செல்வாக்கு பத்தே நாளில் முடிந்தது.

ஆனால் ஷெனோன்சோவைக் கேதரின் சும்மா பிடுங்கிக்கொள்ள முடியவில்லை. கிரயம் டியான் பெயரில் இருந்தது! அதனால் தன்னுடைய ஷோமோன் மாளிகையைக் கொடுத்து, பரிவர்த்தனை செய்துதான் வாங்க வேண்டியிருந்தது. டியானோ ஆனேவுக்குப் போய்விட்டார். 1566 ஏப்ரலில் 66 வயதில் அங்கேயே இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவரைப் பார்த்த பிராந்தோம் என்ற எழுத்தாளர், அப்போதும் அவர் அழகாகவே இருந்தார் என்று வியந்து எழுதியிருக்கிறார். அவர் தினம் காலையில் தங்கம் கலந்த ஏதோ பானம் குடித்ததாகக் கேள்வி என்றும் சேர்த்து எழுதினார்.

தலைமுடி சொன்ன உண்மை

பல நூற்றாண்டுகள் இது வெறும் வதந்தியாகவே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் போது, 1795-இல், அவருடைய கல்லறையை உடைத்து எலும்புகளைப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். 2008-இல் அந்தக் குழியைத் தோண்டினார்கள். கடைசிக் காலத்தில் குதிரையிலிருந்து விழுந்து டியானின் கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த முறிவை வைத்து அடையாளம் கண்டார்கள். ஆனே மாளிகையில் பாதுகாத்து வைத்திருந்த அவருடைய தலைமுடியையும் பரிசோதித்தார்கள். வழக்கத்தை விடச் சுமார் 500 மடங்கு தங்கம்! முடி மெலிந்திருந்தது. நாள்பட்ட தங்க நஞ்சு ரத்தசோகையை உண்டாக்கும், எலும்பைப் பலவீனமாக்கும். எல்லோரும் வியந்த அந்த வெண்ணிறத் தோலுக்கு ரத்தசோகையே காரணமாக இருந்திருக்கலாம் என்று 2009-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

வயது ஆகாமல் இருக்கக் குடித்த தங்கமே அவரை உள்ளுக்குள் அரித்திருக்கிறது. ஈயப் பூச்சைத் தவிர்க்கத் தெரிந்த புத்திசாலிப் பெண், தங்கத்தில் ஏமாந்துவிட்டார். கிழவி என்று அவர்கள் செய்த கேலி அவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்குமோ என்னவோ!

அவரைக் காப்பாற்றியது தங்கமும் இல்லை, மன்னரின் காதலும் இல்லை. விடியற்காலைக் குளியலும், குதிரைச் சவாரியும், தன் பெயரில் இருந்த கிரயப் பத்திரமும்தான். அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது ஒரு அம்மாவோ அத்தையோ காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போதோ, தனக்கென்று ஒரு நல்ல சேலை எடுக்கும்போதோ, "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்க வாய் வந்தால், கொஞ்சம் டியானை நினைத்துக் கொள்ளுங்கள். முடிந்தால் அவர்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.